டாலியாத் துண்டு அடி கறுத்து அழுகுது, எங்க பிழை?

கிளிநொச்சி:
சாடியில ஒரு டாலியாக் கிழங்கு நல்லா முளைச்சு நிக்குது. போன கிழமைக்கு முதல் கிழமை அதில ஆறு துண்டு வெட்டி நட்டனான். ஒவ்வொண்டும் 15 சென்ரிமீற்றர் வரும். மண்ணும் மாட்டெருவும் பாதிக்குப் பாதி, காலையும் பின்னேரமும் தண்ணி. நாலு துண்டு அடி கறுத்துச் சாஞ்சிட்டுது. ரெண்டு பச்சையா நிக்குது, வேர் இல்லை.

மாங்குளம்:
சாஞ்சதைக் குறுக்கால வெட்டிப் பாருங்கோ. உள்ளுக்குக் கட்டியா, கோறையா?

கிளிநொச்சி:
கோறைதான் அக்கா. குழல் மாதிரி.

மாங்குளம்:
அப்ப முத்தின தண்டை வெட்டியிருக்கிறியள் தம்பி. டாலியாத் தண்டு முத்த முத்தக் கணுவுகளுக்கு நடுவில குழலாகும். அதுக்குள்ள தண்ணி ஏறினால் வேர் வர முதல் அழுகல் வந்திடும். கிழங்கின்ர கழுத்தில (கிழங்கும் தண்டும் சேருற இடம்) இருந்து நேரா வாற இளந்தளிர்தான் வேணும், 7 தொடக்கம் 10 சென்ரிமீற்றர், அதுக்கு மேல வேண்டாம். கணுவுக்குக் கீழ 3 மில்லிமீற்றர் விட்டு, ஸ்பிரிட்டில துடைச்ச புது பிளேட்டால வெட்டுங்கோ. தாய்த்தளிரில அடிக்கணு ஒண்டை விட்டால் திரும்பவும் தளிர்க்கும். கீழ்ச் சோடி இலையைக் கிள்ளிப் போட்டு, மேல் இலை பெரிசெண்டால் பாதியா நறுக்குங்கோ.

எருவை மறந்திடுங்கோ. வேரில்லாத துண்டுக்கு அது சாப்பாடில்லை, பூஞ்சணத்துக்குத்தான் சாப்பாடு. கழுவின ஆத்துமணலும் தும்புச்சோறும் சமபங்கு. தும்புச்சோறை ரெண்டு மூண்டு தரம் ஊறவைச்சுப் பிழியுங்கோ, உப்புப் போகவேணும். யோகட் கப்பில அடியில நாலு ஓட்டை. குச்சியால குழி போட்டு இறக்குங்கோ, குத்தி இறக்கினால் அடி நசுங்கும்.

வவுனியா:
தண்ணி விசயமும் இருக்கு. ஒருபிடி கலவையை இறுக்கிப் பிழிய ரெண்டு துளிக்கு மேல வடியக்கூடாது. மேல பொலித்தீன் பையைக் கவிழ்த்து, நாளுக்கொருக்கால் பத்து நிமிசம் திறவுங்கோ. வெயில் நேர படாத விறாந்தை போதும். 20 பாகை அளவு சூடுதான் இதுக்குப் பிடிக்கும், 30 தாண்டினால் அழுகல் முந்திடும். அதால எங்கட பக்கம் மார்கழியும் தையும்தான் சரி. கச்சான் காத்து வீசேக்க வெட்டுறது வீண்வேலை. வேர்விடு தூள் இருந்தால் தொடுங்கோ, இல்லாட்டியும் ரெண்டு மூண்டு கிழமையில வேர் வரும்.

மார்கழிக்கு ஒரு குறையும் இருக்கு. பகல் 12 மணித்தியாலத்துக்குக் குறைவு. அப்ப செடி இலையை விட்டிட்டுக் கிழங்கு கட்டப் பார்க்கும். பொழுதுபட்டாப்பிறகு 3 மணித்தியாலம் எல்ஈடி பல்ப் எரிய விடுங்கோ.

கிளிநொச்சி:
கணு இல்லாத நடுத்துண்டும் வேர் விடுமோ?

மாங்குளம்:
விடும், அதுதான் ஏமாத்து. கணுவில இருக்கிற முளைக்கண் மண்ணுக்குள்ள இல்லாட்டி கிழங்கு கட்டினாலும் அடுத்த வருசம் முளை வராது. ஒரு கணுவாவது கட்டாயம் புதையவேணும்.

கிளிநொச்சி:
மிச்சம் ரெண்டையும் என்ன செய்ய?

வவுனியா:
முதல்ல இழுத்துப் பார்க்கிறதை நிப்பாட்டுங்கோ. நுனிப் பக்கம் கோறை இல்லாமல் இருந்தால், அங்க ஒரு கணுவுக்குக் கீழ வெட்டிப் புதுக் கலவையில நடுங்கோ. கோறையெண்டால் எறிஞ்சிட்டுக் கிழங்கில தளிர் வரும்வரை பொறுங்கோ.