சிங்கப்பூர் ஒர்க் பெர்மிட்: கட்டில் இருந்தால்தான் ஆளா?

அல்சூர்_சிவில்
சிங்கப்பூர் மனிதவள அமைச்சு 2023-இல் ஒரு விதி கொண்டுவந்தது. கட்டுமான வேலைக்கு இந்தியா, வங்கதேசத்திலிருந்து புதிதாக ஆள் எடுக்கும் கம்பெனி, அவர் வந்து இறங்குமுன்பே தங்குமிடம் உறுதி என்று காட்ட வேண்டும். நான் இதை முழுமையாக ஆதரிக்கிறேன். 2020-இல் அங்கே கொரோனா ஊருக்குள் பரவியதைவிட வெளிநாட்டுத் தொழிலாளர் தங்கும் விடுதிகளில்தான் பல மடங்கு பரவியது. பெர்மிட்டை ஒரு கணக்கிலும் கட்டிலை வேறு கணக்கிலும் வைத்தால் அப்படித்தான் ஆகும்.

ஸ்ரீராமபுரம்_சப்கான்ட்ராக்ட்
சார், விதி நல்லதுதான். கட்டில் எங்க? புது விடுதின்னா ஆளுக்கு 4.2 சதுர மீட்டர், அறைக்கு அதிகபட்சம் 12 பேர், 6 பேருக்கு ஒரு கழிப்பறை. பழைய விடுதிகளும் 2030-க்குள்ள ஆளுக்கு 3.6 சதுர மீட்டருக்கு வந்தாகணும். 16 பேர் அறையை 12 ஆக்கினா நாலுல ஒரு கட்டில் போச்சு. 1,600 கட்டில் விடுதியில 400. அதுக்கு முன்னாடியே, 2023-ல, பல விடுதிகள்ல ஒரு கட்டில் வாடகை மாசம் 450 வெள்ளியை, அதாவது சிங்கப்பூர் டாலரை, தாண்டிச்சு. வெளிநாட்டு ஆளை வச்சிருக்க அரசுக்குக் கட்டுற மாச லெவி, சாதாரணத் திறன் ஆளுக்கு 900. சம்பளத்துக்கு முன்னாடியே 1,350 வெள்ளி ஆகுது. அரசுக்குக் கொடுக்குற 5,000 வெள்ளி பிணை தனி. 20 ஆள் வச்சு டைல்ஸ், பிளம்பிங், வாட்டர்ப்ரூஃபிங் பண்றவர் இதைத் தாங்குவாரா? அவர் நின்னா அங்க ஒரு வீட்டுக்கும் சாவி கொடுக்க முடியாது.

மடிவாளா_பிம்
900 மட்டும் சொன்னால் எப்படி? உயர்திறன் ஆளுக்கு, அதாவது ஆர்1-க்கு, லெவி 500தான். ஒருவரை ஆர்1 ஆக்கினால் வருடத்துக்கு 4,800 வெள்ளி மிச்சம். கட்டில் வாடகையில் பெரும்பகுதி அதிலேயே வந்துவிடும். இன்னொன்று: 2024 முதல் ஓர் உள்ளூர் ஊழியருக்கு 7 வெளிநாட்டவர் என்பது 5 ஆகிவிட்டது. 10 உள்ளூர்காரர் உள்ள கம்பெனி 70 பேரை வைத்திருந்த இடத்தில் இப்போது 50 பேர். பழைய முறையிலேயே கட்டினால் கட்டில் கிடைத்தாலும் ஆள் போதாது. சில அரசு நிலங்களில் 2014 முதல் பிபிவிசி கட்டாயம். அறை அறையாகத் தொழிற்சாலையில் செய்து, டைல்ஸ், ஜன்னல், பைப் எல்லாம் போட்டு, சைட்டில் அடுக்குவது. ஆளிலும் நேரத்திலும் 40% வரை மிச்சம் என்கிறது அங்குள்ள கட்டட, கட்டுமான ஆணையம்.

ஸ்ரீராமபுரம்_சப்கான்ட்ராக்ட்
ஆர்1-க்குச் சம்பளமும் ஏத்தணுமே. பெர்மிட் முடிஞ்சதும் அவர் அடுத்த கம்பெனிக்குப் போனா, பயிற்சிக்குப் போட்ட காசு நமக்குத் திரும்பாது.

பிபிவிசி காங்கிரீட் பெட்டி ஒண்ணு 20, 30 டன் வரும். சாதாரண டவர் கிரேன் தூக்காது. டிராயிங்கை ஆரம்பத்துலயே முடிச்சாகணும். பாத்ரூம் ஸ்லீவ், அதாவது பைப் போக விடுற ஓட்டை, 50 மி.மீ. தள்ளிப்போனா வார்த்த சுவரைத் துளைச்சு கோர் கட்டிங் பண்ணணும். கம்பி வெட்டுப்பட்டா ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் கையெழுத்துப் போடமாட்டார். ரெண்டு பெட்டிச் சுவர் ஒட்டி நிக்கிற இடத்துல சீல் சரியில்லன்னா தண்ணி ஒரு வீட்டுல இறங்கி வேற வீட்டுல கசியும். நடுவுல கை விட்டுப் பார்க்கவே முடியாது. சின்ன புராஜெக்டுக்கு இது கட்டுப்படியாகாது.

மர்பிடவுன்_எச்ஆர்
நம்ம ஊரைப் பாருங்கள். ஒடிசா, பீகாரிலிருந்து பெங்களூருக்கு வரப் பெர்மிட் தேவையில்லை, தேவைப்படவும் கூடாது. சைட்டிலோ பக்கத்திலோ இலவசத் தங்குமிடம் தர வேண்டும் என்று 1996 கட்டுமானத் தொழிலாளர் சட்டமே சொன்னது. ஆனாலும் சர்ஜாபூர் ரோடு பக்கம் தகரக் கொட்டகைதான். தங்குமிடத்தைக் காட்டினால்தான் வேலை தொடங்கலாம் என்று தடுத்து நிறுத்த இங்கே ஆளில்லை. சிங்கப்பூரில் அந்தத் தடுப்பு இருக்கிறது. அதைத் தளர்த்தச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அல்சூர்_சிவில்
சப்கான்ட்ராக்டர் கஷ்டம் உண்மை. விதியைத் தொடாமலே தீர்க்கலாம். மெயின் கான்ட்ராக்டர் எந்த மாதம் ஆள் உச்சத்தில் இருக்கும் என்று கணக்குப் போட்டு, மொத்தமாகக் கட்டில் பிடித்து, சப்களுக்குப் பிரித்துத் தரட்டும். 20 கட்டில் கேட்பவருக்குக் கிடைக்காத விலை 500 கட்டில் கேட்பவருக்குக் கிடைக்கும்.

ஸ்ரீராமபுரம்_சப்கான்ட்ராக்ட்
அந்த உச்சம் ஃபினிஷிங்லதான் சார் வரும், வேலை ஆரம்பிச்சு ஒரு வருஷத்துக்கு மேல கழிச்சு. அதுவரைக்கும் காலிக் கட்டிலுக்கு வாடகை யார் தலையில? டெண்டர்லயே அதைத் தனி ஐட்டமா போட்டு, வீடு கட்டச் சொல்றவங்க கொடுக்கட்டும். அப்படின்னா நானும் உங்க பக்கம்.