மறு: சாக்ரோ-இலியாக் மூட்டுச் சிகிச்சைக்குக் கலைச்சொல்

> குறைந்தபட்ச ஊடுருவல் திருவெலும்பு-இடுப்பெலும்பு மூட்டு இணைப்பு அறுவை சிகிச்சை

வணக்கம் ஐயா. இந்த அறுவை சிகிச்சைக்கு நீங்கள் தந்த மேற்கண்ட பெயரில் பிழை எதுவும் இல்லை. ஆனால் ஆபரேஷனுக்கு முன்னால் ஒப்புதல் படிவத்தில் இதைப் படித்துக் கையெழுத்துப் போடுகிறவருக்கு என்ன புரியும் என்பதுதான் என் கவலை.

முதலில் மூட்டு. 'இடுப்பு மூட்டு' என்றால் நம் ஊரில் தொடையெலும்பின் உருண்டை உட்காரும் மூட்டுதான் நினைவுக்கு வரும். மாற்று அறுவை என்று கேள்விப்படுவதெல்லாம் அதைப் பற்றியே. நாம் பேசுவது வேறு. முதுகெலும்பின் அடியிலுள்ள திருவெலும்பு இரு பக்கமும் இடுப்பெலும்போடு சேரும் இடம் இது. அசைவே சில டிகிரிதான். எங்கே வலி என்று கேட்டால், பலர் பெல்ட் கட்டும் இடத்துக்குக் கீழே, பின்பக்கம் குழி விழும் இடத்தை ஒரு விரலால் தொட்டுக் காட்டுவார்கள். அதனால் 'பின்னிடுப்பு மூட்டு' என்பேன். உடற்கூற்றியல் நூலில் நீண்ட பெயரே இருக்கட்டும்.

அடுத்து 'ஊடுருவல்'. செய்தித்தாள் படிக்கிற யாருக்கும் அது எல்லைப் பிரச்சினை. 'நுண்துளை' என்றால் லேப்ராஸ்கோப்பி என்று நினைத்துவிடுவார்கள். இங்கே உள்ளே கேமரா போவதில்லை. பிட்டத்தின் பக்கவாட்டில் சுமார் 3 செ.மீ. கீறி, எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடி வழிகாட்டிக் கம்பியைச் செலுத்தி, அதன்மேல் டைட்டானியம் துண்டுகளை இறக்குகிறார்கள். 2008இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஐஃபியூஸ் என்ற பொருத்துச் சாதனத்தில் அவை முக்கோண வடிவம். வழக்கமாக மூன்று வைப்பார்கள். ஆகவே 'சிறுகீறல்' போதும்.

இனி, என்னை அதிகம் உறுத்துவது. ஸ்டீராய்டு ஊசி, நரம்பைச் சுடுவது, மூட்டையே அசையாமல் செய்வது மூன்றையும் 'சிறிய சிகிச்சை' என்று ஒரே பெயரில் சொல்லிவிடுகிறார்கள். ஊசியின் பலன் கொஞ்ச காலம்தான். சுட்ட நரம்பு மாதங்கள் கழித்து மறுபடி வளரும், வலியும் திரும்பலாம். மூன்றாவதில் எலும்பு ஒட்டி வளர்ந்துவிட்டால் அந்த மூட்டு இனி அசையாது. இந்த வித்தியாசம் பெயரிலேயே தெரிய வேண்டும். வெறும் 'இணைப்பு' என்றால் விட்டுப்போன மூட்டைச் சேர்த்துவைப்பது போல் ஒலிக்கிறது. இரண்டு எலும்பை ஒன்றாக்குவதால் 'ஒன்றிணைப்பு'.

முழுப்பெயர்: சிறுகீறல் பின்னிடுப்பு மூட்டு ஒன்றிணைப்பு.

நரம்புக்குச் செய்வதை 'ரேடியோ அலை நரம்புச் சுடல்' எனலாமா? 'கதிரலை' என்றால் புற்றுநோய்க்குக் கொடுக்கும் கதிர் என்று பயந்துவிடுவார்கள்.

---

அக்கா, வணக்கம்.

பின்னிடுப்பு மூட்டு சரி. நான் பிசியோதெரபி பக்கத்திலிருந்து ஒன்று சேர்க்கிறேன். அங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் என்ற முதுகெலும்பு மூட்டு அழற்சி நோய் முற்றினால் இதே மூட்டு, யாரும் தொடாமலே, தானாக ஒட்டிப்போகும். நோயாலானதை 'ஒன்றிணைவு' என்றும், சர்ஜன் செய்வதை 'ஒன்றிணைப்பு' என்றும் வைத்தால் தன்வினை, பிறவினை வேறுபாடே வேலையை முடித்துவிடும்.

'சுடல்' மட்டும் யோசிக்க வேண்டியது. கிராமத்திலிருந்து வருகிறவர்கள் சூடு வைப்பதை நினைத்துக்கொள்வார்கள். 'நரம்பு வெப்பமூட்டல்' என்றால் ஒத்தடம் போல் ஆகிவிடுகிறது, அதுவும் உண்மையில்லை. 'வெப்ப நரம்புத் தடை' எப்படி? வலிச்செய்தி போகும் வழியைத் தடுப்பதுதானே நோக்கம்.

அப்புறம், கண்டறிவதற்காகப் போடும் ஊசிக்கும் தனிப்பெயர் வேண்டும். மூட்டுக்குள் மரப்பு மருந்தைச் செலுத்தி, வலி பாதிக்கு மேல் குறைகிறதா என்று பார்க்கிறார்கள். அது சிகிச்சையல்ல, சோதனை. மறுநாள் வலி திரும்பியதும் 'ஊசி பலிக்கவில்லை' என்று வருந்துகிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன். 'மரப்புச் சோதனை ஊசி' என்று எழுதினால் அந்த ஏமாற்றம் இருக்காது.

---

தம்பி, மரப்புச் சோதனை ஊசி அருமை, அப்படியே எடுத்துக்கொள்வோம். 'தடை' வேண்டாம், மருந்து செலுத்தி நரம்பை மரக்கவைப்பதற்கு அந்தச் சொல் ஏற்கெனவே புழங்குகிறது. வேறு யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள். அதுவரை பட்டியலில் 'சுடல்' என்றே கேள்விக்குறியோடு வைக்கிறேன்.