ரசித்துச் செய்யும் உடற்பயிற்சி என்று ஒன்று உண்டா?

மூன்றுமுறை_ஜிம் | ஞாயிறு, இரவு 9.10

எனக்கு 44 வயது. கோவையில் கணக்கு எழுதும் வேலை. போன மாதம் எடுத்த ரத்தப் பரிசோதனையில் எச்பிஏ1சி, அதாவது மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு, 6.1. "சர்க்கரை இன்னும் உள்ளே வரவில்லை, வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருக்கிறது" என்றார் டாக்டர்.

ஏழு வருடத்தில் மூன்று தடவை ஜிம்மில் ஆண்டுச் சந்தா கட்டியிருக்கிறேன். மூன்றும் சேர்த்து நான் போன நாள் எழுபது தேறாது. ட்ரெட்மில்லில் ஏறினால் ஐந்தாவது நிமிடமே கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிவிடுவேன். ஆனால் போன வாரம் மச்சான் வீட்டு வாசலில் குழந்தைகளோடு கல்லா மண்ணா ஆடினேன். முக்கால் மணி நேரம் போனதே தெரியவில்லை. சட்டையைப் பிழிந்தால் ஒரு டம்ளர் வியர்வை.

என் வாதம் இதுதான். பெரியவர்கள் உடற்பயிற்சியை விடுவதற்குச் சோம்பல் காரணமில்லை. விளையாட்டாக இருந்ததைக் கஷாயமாகக் காய்ச்சி நீட்டுவதுதான் காரணம். ட்ரெட்மில்லின் மூதாதையை 1818இல் வில்லியம் கியூபிட் என்ற பொறியாளர் இங்கிலாந்துச் சிறைக் கைதிகளுக்காகச் செய்தார் என்று படித்தபோது எனக்கு ஆச்சரியமே வரவில்லை. அந்த வேலையை அவர்களே 1898இல் சிறையிலிருந்து எடுத்துவிட்டார்கள். நாம் சந்தா கட்டி ஏறுகிறோம்.

பிடித்ததை மட்டும் செய்தே உடம்பைத் தேற்றலாம் என்கிறேன். மறுப்பவர்கள் வாங்க.

தண்டால்_தாத்தா | திங்கள், காலை 5.50

தம்பி, நீங்கள் முகச்சவரத்தை ரசித்தா செய்கிறீர்கள்?

எனக்கு 68. பட்டாளத்தில் சேர்ந்த 19 வயதிலிருந்து தண்டால், பஸ்கி. இன்றைக்கும் 40 தண்டால், 60 பஸ்கி முடித்துவிட்டுத்தான் இதைத் தட்டுகிறேன். ஒருநாளும் ரசித்ததில்லை. ரசிக்கவேண்டும் என்று தோன்றியதும் இல்லை.

பிடித்தால் செய்வேன் என்பவன் பிடிக்காத அன்று செய்யமாட்டான். மழை, கல்யாணம், மார்ச் மாதக் கணக்கு முடிப்பு, மனைவியோடு சண்டை. மாதத்தில் எத்தனை நாள் உங்களுக்குப் பிடிக்கும்? மச்சான் பிள்ளைகள் தினமும் வருவார்களா? அவர்களுக்குப் பரீட்சை வந்தால் உங்கள் சர்க்கரை லீவு எடுக்குமா?

கும்மி_அம்மணி | திங்கள், மதியம் 2.30

தாத்தா பேசுவதைக் கேட்டால் எங்கள் அப்பாவே எதிரில் நிற்கிற மாதிரி இருக்குங்க. ஆனாலும் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

நான் அவிநாசிப் பக்கம். 39 வயது, இரண்டு பிள்ளைகள், தையல் மெஷினில் எட்டு மணி நேரம். "வீட்டு வேலையே உனக்கு எக்சர்சைஸ்தானே" என்று சொல்லாத ஆள் கிடையாது. மெஷினில் உட்கார்ந்தால் நகர்வது பாதம் மட்டும்தான் என்று யாருக்கும் தோன்றாது. உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட 2022ஆம் ஆண்டுக் கணக்கில் இந்தியப் பெரியவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்குப் போதிய உடலசைவு இல்லை. ஆண்களில் 42 சதவீதம், பெண்களில் 57. ஜிம்மில் தனியாகப் போய் நிற்க எனக்குக் கூச்சம். விடிகாலை ரோட்டில் தனியாக நடக்கப் பயம்.

போன வருடம் ஊர்க் கோயில் மைதானத்தில் வள்ளி கும்மி வகுப்பு ஆரம்பித்தார்கள். சாயங்காலம் ஏழு மணிக்கு மேல். ஆசிரியர் வள்ளி முருகன் கதையைப் பாடப் பாட, நாங்கள் வட்டத்தில் குனிந்து நிமிர்ந்து, கைகொட்டி, எகிறி அடி வைக்க வேண்டும். முதல் வாரம் கெண்டைக்கால் வலியில் படி இறங்க முடியவில்லை. இரண்டு மாதம் கழித்து அரங்கேற்றம். எல்லோரும் ஒரே நிறப் புடவை, சுற்றி நின்று ஊரே பார்க்கிறது. உடம்புக்காகப் போகிறேன் என்று நான் ஒருநாளும் நினைத்துப் போனதில்லை. அடி தப்பினால் பக்கத்து வீட்டுக்காரி சிரிப்பாள், அதற்காகவே போனேன்.

2024இல் மேட்டுப்பாளையம் பக்கம் பத்ரப்பன் ஐயாவுக்கு இந்தக் கும்மிக்காகத்தான் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். 87 வயது அப்போது. ஆண்கள் ஆடிய ஆட்டத்துக்குள் பெண்களையும் கூட்டி வந்தவர். அவர் ரசிக்காமலா அத்தனை வருடம் ஆடியிருப்பார்?

சதவீதப்_புலி | திங்கள், மாலை 6.15

அம்மணி கட்சிக்கு ஒரு சாட்சி. கோபன்ஹேகனில் சுமார் 8,500 பேரை 25 ஆண்டு வரை தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று 2018இல் வந்தது. உட்கார்ந்தே இருப்பவர்களோடு ஒப்பிட்டு யாருக்கு ஆயுள் எவ்வளவு கூடுதல் என்று பார்த்தார்கள். டென்னிஸ் ஆடியவர்களுக்கு 9.7 ஆண்டு. பேட்மிண்டன் 6.2. கால்பந்து 4.7. மெல்லோட்டம் 3.2. ஜிம்மில் செய்யும் பயிற்சிகள் 1.5 தான்.

மேலே இருப்பதெல்லாம் எதிரில் ஆள் வேண்டிய ஆட்டங்கள். வேறு சொல்ல என்ன இருக்கிறது?

சந்தேகப்_பிராணி | திங்கள், இரவு 8.40

நிறைய இருக்கிறது. டென்மார்க்கில் வாரத்துக்கு மூன்று நாள் டென்னிஸ் ஆட யாருக்கு நேரமும் காசும் இருக்கும்? அவர்கள் டென்னிஸ் ஆடாமல் சீட்டாடியிருந்தாலும் கொஞ்சம் அதிக நாள் இருந்திருப்பார்கள். அது கவனித்துப் பார்த்த ஆய்வு, ஆட வைத்துப் பார்த்ததல்ல. இதுதான் காரணம் என்று அதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆய்வாளர்களும் சொல்லவில்லை.

இன்பம் சேர்த்தால் என்ன ஆகிறது என்று நேரடியாகப் பார்த்த சோதனைகள் உண்டு. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் கேட்டி மில்க்மேன் குழுவினர் 2014இல் வெளியிட்டது ஒன்று. கீழே வைக்க மனம் வராத நாவல்களை ஒலிப்புத்தகமாக ஐபாட் என்ற பாட்டுக் கருவியில் ஏற்றி, ஜிம்முக்கு வந்தால் மட்டுமே கேட்கலாம் என்று வைத்தார்கள். ஆரம்பத்தில் மற்றவர்களைவிட 51 சதவீதம் அதிகம் வந்தார்கள். அப்புறம் நவம்பர் கடைசியில் விடுமுறை வந்தது. போனவர்கள் போனவர்கள்தான், பலன் கரைந்துவிட்டது.

2016இல் போக்கிமான் கோ என்று, தெருவில் நடந்து பொம்மைகளைப் பிடிக்கும் மொபைல் விளையாட்டு வந்ததே, நினைவிருக்கிறதா? அமெரிக்க இளைஞர்களை வைத்துப் பார்த்ததில் முதல் வாரம் தினம் 955 காலடிகள் கூடுதலாக நடந்தார்கள். ஆறாவது வாரம் பழைய இடத்துக்கே வந்துவிட்டார்கள்.

புதுசு என்பதுதான் உங்கள் இன்பம். புதுசு பழசாகும். அம்மணி, அரங்கேற்றம் முடிந்த மறுமாதம் எத்தனை பேர் வந்தீர்கள்? உண்மையைச் சொல்லுங்கள்.

கும்மி_அம்மணி | திங்கள், இரவு 10.20

80 பேர் ஆடினோம். மறுமாதம் 30 பேர் வந்தோம். இப்போது 22.

ஆனால் அண்ணா, ஜிம்மில் சந்தா கட்டிய 80 பேரில் வருடம் கழித்து 22 பேர் இருப்பார்களா? அதையும் சொல்லுங்கள்.

மூன்றுமுறை_ஜிம் | திங்கள், இரவு 10.35

என்னை வைத்துச் சொல்வதென்றால், இல்லை :)

பிசியோ_கண் | செவ்வாய், காலை 11.05

நான் பிசியோதெரபிஸ்ட். இரண்டு கட்சிக்கும் எதிர்க்கட்சி.

முதலில் விளையாட்டுக் கட்சிக்கு. 40 வயதுக்கு மேல் திடீரென்று ஷட்டில் ஆட இறங்குகிறவர்களால்தான் என் கிளினிக் வாடகையில் பாதி ஓடுகிறது. பத்து வருடம் நாற்காலியில் இருந்துவிட்டு, ஞாயிறு காலை வார்ம்-அப் இல்லாமல், ஓட்டத்துக்கான தடித்த ஷூவைப் போட்டுக்கொண்டு பக்கவாட்டில் தாவுவார்கள். கணுக்கால் மடங்கும். இல்லையென்றால் குதிகாலுக்கு மேலே உள்ள தசைநாண் அறுந்துவிடும். "பின்னாலிருந்து யாரோ உதைத்த மாதிரி இருந்தது சார், திரும்பினால் ஆளே இல்லை" என்று எல்லோரும் ஒரே வசனம் பேசுவார்கள். ரசிக்கும்போது உடம்பு கொடுக்கும் எச்சரிக்கை காதில் விழாது. அதுதான் அதன் ஆபத்து. தட்டையான ரப்பர் அடி உள்ள கோர்ட் ஷூ வாங்குங்கள், முதல் இரண்டு மாதம் அரை மணி நேரத்துக்கு மேல் ஆடாதீர்கள்.

இப்போது தாத்தா கட்சிக்கு. ஐயா, உடற்பயிற்சி கசப்பதற்கு முக்கால்வாசிக் காரணம் அளவு. பழக்கமில்லாதவரை மூச்சு முட்டும் வேகத்தில் ஓடவிட்டால் மனம் நிச்சயம் வெறுக்கும். மூச்சு முட்டத் தொடங்கும் எல்லையைத் தாண்டியதும் கிட்டத்தட்ட எல்லோருக்குமே அந்த வெறுப்பு வருகிறது, அதற்குக் கீழே அப்படி இல்லை. இதையே பல ஆண்டுகளாக ஆராய்பவர் பான்டெலைமன் எக்கெகாகிஸ். அவர் பங்கேற்ற சோதனை ஒன்று 2016இல் வந்தது. ஒரே அளவு சைக்கிள் பயிற்சியை ஒரு குழுவுக்குக் குறைவில் தொடங்கிக் கூட்டிக்கொண்டே போனார்கள், இன்னொரு குழுவுக்கு அதிகத்தில் தொடங்கிக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். உழைப்பு ஒன்றுதான். ஆனால் இறங்குமுகமாக முடித்தவர்களுக்கே நல்ல நினைவு மிஞ்சியது. நம் ஊர் ஜிம்மில் நேர்மாறு. கடைசியில்தான் டிரெய்னர் "இன்னும் பத்து, இன்னும் பத்து" என்று கத்துவார். அந்தக் கத்தலோடுதான் வீட்டுக்குப் போகிறோம். மறுநாள் எப்படிக் கால் வரும்?

வீட்டிலேயே பார்த்துக்கொள்ளும் அளவுகோல் ஒன்று உண்டு. நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் மிதமான வேகம். அந்த வேகத்தில் வாரத்துக்கு 150 நிமிடம் என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் கீழ்வரம்பு. முன்பு ஒரே மூச்சில் பத்து நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்றார்கள், 2020இல் அதையும் எடுத்துவிட்டார்கள். ஐந்து நிமிடம் கல்லா மண்ணா ஆடினாலும் சேரும்.

கும்மி_அம்மணி | செவ்வாய், மதியம் 1.15

சார், இப்போதுதான் புரிகிறது எங்கள் ஆசிரியர் ஏன் தானே பாடிக்கொள்கிறார் என்று! பின்பாட்டுப் பாடச் சொல்வார், எங்களுக்குப் பாதிக்கு மேல் வராது.

தண்டால்_தாத்தா | புதன், காலை 5.45

பிசியோ தம்பி சொன்னதில் ஒன்றை விட்டுவிட்டார். அதே நிறுவனம் வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சியும் செய்யச் சொல்கிறது. கும்மியில் கால் வலுவாகும். கை? முதுகு? வயதானால் தசை தானாகக் கரைகிறது. தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்கக் கை தேடுகிற நிலை அப்படித்தான் வருகிறது. அதற்குத் தண்டால், எடை மாதிரிப் பயிற்சிதான் வழி. அதை இனிப்பாக்க யாராலும் முடியாது.

சதவீதப்_புலி | புதன், காலை 9.30

தாத்தா, ஒரு கேள்வி. தண்டாலை வீட்டிலா எடுக்கிறீர்கள்? போன மாதம் வேறு ஒரு விவாதத்தில் "மைதானத்து நண்பர்கள், அப்புறம் டீக்கடை" என்று எழுதியிருந்தீர்களே. தினமும் ஐந்தாறு பேர் கூடுகிறீர்கள், முடித்துவிட்டு டீ குடித்து ஊர்க்கதை பேசுகிறீர்கள். ரசிக்கவில்லை என்று சும்மா சொல்லாதீர்கள். அந்த டீதான் உங்கள் ஐபாட். கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன்.

தண்டால்_தாத்தா | வியாழன், காலை 5.55

ஆறு பேர் இருந்தோம். சரிதான். ஓய்வு பெற்று வந்ததிலிருந்து 20 வருடத்துக்கு மேல் அந்தக் கூட்டம். ஒருவன் வராவிட்டால் மற்றவன் போய்க் கதவைத் தட்டுவான்.

கொரோனாவில் இரண்டு பேர் போய்விட்டார்கள். ஒருவனை மகன் பெங்களூருக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டான். ஒருவனுக்குப் பக்கவாதம். இன்னொருவன் போன தையில் போனான். டீக்கடை இருந்த இடத்தில் இப்போது மொபைல் கடை. நான் எழுதியது பழைய கதை, நீங்கள் இன்றைய கதையாக எடுத்துக்கொண்டீர்கள்.

மைதானத்தில் இப்போது நான் மட்டும்தான். டீ இல்லை, தண்டால் இருக்கிறது. ரசிப்பதற்காகப் போயிருந்தால் அன்றைக்கே நின்றிருக்கும். இதைத்தான் முதல் நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

சதவீதப்_புலி | வியாழன், காலை 8.10

மன்னித்துவிடுங்கள் ஐயா. கிண்டலாக எழுதியிருக்கக் கூடாது.

சந்தேகப்_பிராணி | வியாழன், காலை 9.00

நான் பெரும்பாலும் தாத்தா கட்சிதான். ஆனாலும் ஒன்று உறுத்துகிறது. கதவைத் தட்ட ஆள் இருந்த 20 வருடத்தில்தானே, ஐயா, தட்டாமலே எழுகிற பழக்கம் ஊறியது? 44 வயதில் தனியாகத் தொடங்குகிறவருக்கு அந்த 20 வருடம் எங்கே கிடைக்கும்? நான் சொன்ன ஐபாடும் போக்கிமானும் கதவைத் தட்டவில்லை. அம்மணியின் 22 பேர் தட்டுவார்கள் என்று நினைக்கிறேன். கட்சி மாறவில்லை, ஒரு காலை மட்டும் அந்தப் பக்கம் வைக்கிறேன்.

கும்மி_அம்மணி | வியாழன், மதியம் 2.00

தட்டுவார்களாவது! போன வாரம் தலைவலி என்று படுத்திருந்தேன். நான்கு பேர் வந்து வாசலில் நின்று பாட ஆரம்பித்துவிட்டார்கள்.

தாத்தா, ஆண்களுக்கும் வகுப்பு இருக்குங்க.

தண்டால்_தாத்தா | வெள்ளி, காலை 5.50

68 வயதில் கும்மியா? ஊர் சிரிக்கும்.

கும்மி_அம்மணி | வெள்ளி, காலை 7.20

பத்மஸ்ரீ வாங்கும்போது பத்ரப்பன் ஐயாவுக்கு 87ங்க.

மூன்றுமுறை_ஜிம் | ஞாயிறு, இரவு 9.30

ஒரு வாரக் கணக்கு ஒப்படைக்கிறேன். ரேஸ்கோர்ஸ் நடைபாதையில் மூன்று நாள் நடந்தேன், பேசும் வேகத்தில், பக்கத்து சீட் நண்பரை இழுத்துக்கொண்டு. அவர் பாகப்பிரிவினைக் கதை இன்னும் முடியவில்லை, அதனால் செவ்வாயும் போயாக வேண்டும். கல்லா மண்ணா ஒரு நாள். தாத்தாவுக்குப் பயந்து சுவரில் கை ஊன்றித் தண்டால் எட்டு, இரண்டு நாள். அது மட்டும் பிடிக்கவே இல்லை. எட்டாவதை எடுக்கும்போது உங்களைத்தான் திட்டினேன் ஐயா.

தண்டால்_தாத்தா | திங்கள், காலை 5.45

திட்டிக்கொண்டே ஒன்பது எடுங்கள். ஐப்பசி மழை இறங்கட்டும், அப்போது வந்து கணக்கு ஒப்படையுங்கள்.

அம்மணி, அந்த வகுப்பு எத்தனை மணிக்கு என்றீர்கள்? சும்மா தெரிந்துகொள்ளத்தான்.