செகண்ட் ஹேண்ட் மின்சாரக் கார்: ஃபுல் சார்ஜில் 318 கி.மீ.தான் காட்டுகிறது. எடுக்கலாமா, புதுசுக்கே போகலாமா?

வழிப்போக்கன்:

வணக்கம். ரெண்டு வண்டிக்கு நடுவில் மாட்டிக்கொண்டு முடிவெடுக்க முடியாமல் நிற்கிறேன்.

ஒன்று, நாலு வருடம் ஓடியது. 64 யூனிட் பேட்டரி, 78,000 கி.மீ., ஒரே ஓனர். இன்னொன்று ஷோரூம் புதுசு. 42 யூனிட்தான், ஆனால் எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) வகை பேட்டரி. வண்டியும் கொஞ்சம் சின்னது. ரெண்டுக்கும் கையிலிருந்து போகிற பணம் ஏறக்குறைய ஒன்றே. அதனால் விலையை வைத்து முடிவு செய்ய வழியில்லை.

வேலைக்குப் போய்வர தினம் 70 கி.மீ. மாதம் ஒருமுறை 350 கி.மீ. தள்ளி இருக்கும் ஊருக்குப் போய், தங்கித் திரும்ப வேண்டும். வீட்டிலேயே சார்ஜ் போட வசதி உண்டு.

குழப்பம் இதுதான். பழைய வண்டியைப் பார்க்கப் போனபோது சார்ஜ் 100 சதவீதம், திரையில் ரேஞ்ச் 318. புதிதாக வந்தபோது இந்த மாடலுக்கு 450 என்று விளம்பரம் செய்தார்கள். அப்படியென்றால் பேட்டரியில் 30 சதவீதம் போய்விட்டதா? விற்பவரைக் கேட்டால் ‘ஹெல்த் 98’ என்று மொபைலில் ஒரு ஸ்கிரீன்ஷாட்டை நீட்டுகிறார். எதை நம்புவது?

செல்கணக்கு:

ரெண்டையுமே நம்பாதீர்கள்.

318 என்பது பேட்டரியின் அளவு அல்ல, வண்டியின் ஊகம். கடைசியாக ஓட்டியவர் எப்படி ஓட்டினார், ஏசியோ ஹீட்டரோ ஓடியதா என்று பார்த்து அது ஒரு எண்ணைச் சொல்கிறது. நெடுஞ்சாலையில் விரட்டிவிட்டு வந்து நிறுத்தினால் 300 காட்டும். அதே வண்டியை நாலு நாள் மெதுவாக ஓட்டினால் 400 காட்டும். 450 என்பது டபிள்யூஎல்டிபி என்ற சோதனைக்கூட முறையில் வந்த எண். பெரும்பாலும் நெடுஞ்சாலையிலேயே ஓட்டுகிறவருக்குப் புது வண்டியிலும் அது கிடைக்காது. இன்னும் பழைய மாடல்கள் என்றால் என்இடிசி என்ற பழைய சோதனைக் கணக்கில் சொல்லியிருப்பார்கள், அது இதைவிடவும் தாராளம்.

98 என்ற எண்ணும் வண்டியின் பேட்டரி கம்ப்யூட்டர் தானே போட்டுக்கொண்ட மதிப்பெண்தான். சில கம்பெனிகள் பேட்டரியில் கொஞ்சத்தை மறைத்து வைத்திருக்கும். தேய்மானத்தை முதலில் அதிலிருந்து ஈடுகட்டுவதால் வருடக்கணக்கில் 100, 99 என்றே காட்டிக்கொண்டிருக்கும். முதல் தலைமுறை நிசான் லீஃபில் வேறு கூத்து நடந்தது. அதில் பேட்டரி நலத்தை 12 கட்டங்களாகக் காட்டுவார்கள். கம்ப்யூட்டரை ரீசெட் செய்து 12ம் எரிகிற மாதிரி ஆக்கி விற்றவர்கள் உண்டு. சில வாரம் ஓட்டினால் கட்டங்கள் ஒவ்வொன்றாக அணைந்துவிடும்.

நீங்களே அளந்து பாருங்கள். விற்பவர் பக்கத்தில் உட்காரட்டும், பரவாயில்லை. சார்ஜ் 90க்கு மேல் இருக்கும்போது ட்ரிப் மீட்டரைப் பூஜ்யமாக்கிவிட்டு, நிறுத்தாமல் 30 சதவீதம் வரை ஓட்டுங்கள். எத்தனை யூனிட் செலவு என்று திரையில் வரும். எத்தனை சதவீதம் இறங்கியதோ அதால் வகுத்தால் முழு பேட்டரியில் இப்போது எவ்வளவு கொள்கிறது என்று தெரிந்துவிடும். துல்லியமான முறை என்று சொல்லமாட்டேன், ரெண்டு மூன்று சதவீதம் அப்படி இப்படி இருக்கும். ஆனால் ஸ்கிரீன்ஷாட்டைவிட எவ்வளவோ மேல்.

கம்பிவடம்:

இவ்வளவு தலைவலி எதற்கு நண்பரே? ஒரே பணம் என்றால் புதுசு வாங்கிவிட்டு நிம்மதியாக இருக்கலாமே. வருடா வருடம் தொழில்நுட்பம் மாறுகிறது.

பழைய லீஃப் ஒன்று வாங்கி இன்றும் அனுபவிக்கிறேன். வண்டியில் குறை சொல்ல ஒன்றுமில்லை, ஆனால் வேகச் சார்ஜுக்கு அதில் இருப்பது சாடெமோ என்ற வகைத் துளை. புதிதாக வைக்கிற சார்ஜர்களில் பெரும்பாலும் அதில் பொருந்தாத சிசிஎஸ் வகை கன் மட்டும்தான் தொங்குகிறது. பழையது வாங்கினால் முதலில் துளையைப் பாருங்கள்.

பழையஇரும்பு:

கம்பிவடம் சொன்ன துளை விஷயம் சரி. தொழில்நுட்பம் மாறுகிறது என்பதை நான் ஒத்துக்கொள்ளவில்லை. அது என்றைக்கும் மாறிக்கொண்டுதான் இருக்கும், அதற்காகக் காத்திருந்தால் நடந்துதான் போக வேண்டும்.

தம்பி, பேட்டரி கணக்கைச் செல்கணக்கு பார்த்துக்கொள்வார். நீங்கள் வண்டியை லிஃப்டில் ஏற்றி அடிப்பக்கம் பாருங்கள். பேட்டரிப் பெட்டி முழுக்கக் கீழேதான் இருக்கிறது. கல்லிலோ வேகத்தடையிலோ இடித்த நெளிவு இருந்தால் அந்த வண்டி வேண்டாம். கார்ப்பெட்டைத் தூக்கி, சீட் தண்டவாளத்து போல்ட்டில் துரு, சேறு இருக்கிறதா பாருங்கள். வெள்ளத்தில் நின்ற வண்டி என்றால் இலவசமாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள். உயர் அழுத்த வயரிங்கில் ஈரம் புகுந்தால் மாதக்கணக்கு கழித்துக்கூடக் கோளாறு கிளம்பும்.

ரீகால் இருந்ததா, வேலை முடிந்ததா என்று சேஸி எண்ணைக் கொடுத்துக் கம்பெனியிலேயே கேளுங்கள். 2021இல் தீப்பிடிக்கும் அபாயத்தால் செவர்லே போல்ட்டையும் ஹூண்டாய் கோனாவையும் திரும்ப அழைத்தார்கள். அதில் பலவற்றுக்குப் பேட்டரியையே மாற்றிக் கொடுத்தார்கள். அப்படி மாற்றிய வண்டி கிடைத்தால் அது யோகம்: பழைய வண்டி விலையில் இளம் பேட்டரி.

அப்புறம் 12 வோல்ட் பேட்டரி. பெரிய பேட்டரியைப் பற்றியே எல்லோரும் பேசுவார்கள். நடுவழியில் வண்டி எழுந்திருக்காமல் படுத்துக்கொள்வது பாதி நேரம் இந்தக் குட்டி பேட்டரியால்தான். நாலு வருடம் ஆகிவிட்டதென்றால் மாற்றிவிடுங்கள்.

நிதானம்:

வாரண்டியை யாருமே தொடவில்லையே.

பெரும்பாலான கம்பெனிகள் பேட்டரிக்கு 8 வருடம் அல்லது 1,60,000 கி.மீ., கொள்ளளவு 70 சதவீதத்துக்குக் கீழே போகாது என்று கொடுக்கின்றன. 2022இல் ஏற்கப்பட்ட ஐ.நா. உலக வாகனத் தொழில்நுட்ப விதி எண் 22லும் இதே அளவுகோல்தான்: 5 வருடம் அல்லது 1,00,000 கி.மீ. வரை 80 சதவீதம், 8 வருடம் அல்லது 1,60,000 வரை 70. வருடம், கிலோமீட்டர் இரண்டில் எது முந்துகிறதோ அதோடு சரி. எண்ண ஆரம்பிப்பதும் நீங்கள் வாங்கிய நாளிலிருந்து இல்லை, முதல் ஓனர் எடுத்த நாளிலிருந்து.

‘நாலு வருடம் மிச்சம் இருக்கிறதே’ என்று நினைப்பீர்கள். உங்கள் ஓட்டத்தைப் போட்டுப் பாருங்கள். தினம் 70, வருடத்துக்கு 300 வேலை நாள் என்றால் 21,000. மாதாந்தரப் பயணம் போக வர 700, வருடத்துக்கு 8,400. மொத்தம் 29,400. பழைய வண்டியில் மிச்சம் 82,000 கி.மீ. மூன்று வருடம்கூட வராது. புதிதில் அதே ஓட்டத்துக்கு ஐந்து வருடத்துக்கு மேல் வரும்.

வருடம் பத்தாயிரம் ஓட்டுகிறவர் கேட்டிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு பழையதை எடுங்கள் என்பேன். முதல் மூன்று நாலு வருடத்தில் சரிகிற விலையை முன்னவர் சுமந்துவிட்டார். நீங்கள் அந்த ரகம் இல்லை.

வழிப்போக்கன்:

எல்லோருக்கும் நன்றி. நேற்று ஓட்டிப் பார்த்தேன். 90இலிருந்து 30 வரை, செலவு 33.6 யூனிட். 0.6ஆல் வகுத்தால் 56 வருகிறது. 64க்கு 56 என்றால் 87.5 சதவீதம். ஸ்கிரீன்ஷாட்டின் 98 எங்கே, இது எங்கே!

அதோடு ஒரு பயம். முடித்ததும் வேகச் சார்ஜரில் போட்டோம். 48 கிலோவாட் வரை ஏறியது, சில நிமிடத்திலேயே பாதியாக, 24க்கு இறங்கி அங்கேயே நின்றுவிட்டது. விற்பவர் ‘நான் வீட்டில் மட்டும்தான் போடுவேன், இதெல்லாம் எனக்குத் தெரியாது’ என்கிறார். செல் ஏதாவது போய்விட்டதா?

செல்கணக்கு:

87.5 என்றால் பதற ஒன்றுமில்லை. இந்த வகை பேட்டரி முதல் ஒன்றிரண்டு வருடத்தில் சட்டென்று கொஞ்சம் இழக்கும், அப்புறம் மெதுவாக இறங்கும். மொத்தமாகப் பார்த்தால் ஆண்டுக்கு 2 சதவீதம் என்பது சாதாரணம். நாலு வருடத்துக்கு 12 கொஞ்சம் கூடுதல்தான். வெயிலில் 100 சதவீதத்தோடு நிறுத்தியே வைத்திருந்தால் இப்படி வரும், சூடும் நிறைந்த சார்ஜும் சேருவதுதான் பேட்டரிக்கு ஆகாது.

சார்ஜ் பாதியானதற்குச் செல்லைக் குற்றம் சொல்வதற்கு முன் ஒரு கேள்வி. அப்போது பக்கத்துக் கன்னில் வேறு வண்டி இருந்ததா? ‘பாதி’ என்று சரியாகச் சொன்னீர்களே, அதனால் கேட்கிறேன்.

வழிப்போக்கன்:

அட! ஆமாம். நாங்கள் போட்டுச் சில நிமிடத்தில் ஒரு வெள்ளைக் கார் வந்து அடுத்த கன்னை மாட்டியது.

செல்கணக்கு:

அதுதான் ஆள். ஒரே பெட்டியில் இரண்டு கன் இருந்தால் பல இடங்களில் மின்சாரத்தைப் பங்கு போட்டுவிடும். வேறொரு பெரிய சார்ஜரில், பக்கத்தில் யாரும் இல்லாதபோது, 20 சதவீதம் அளவில் போட்டுப் பாருங்கள். அரை மணி நேரமாவது ஓட்டிவிட்டுப் போங்கள். பேட்டரி குளிர்ந்திருந்தால் அதுவே சார்ஜைக் கட்டுப்படுத்திவிடும்.

ஓபிடி துளையில் (மெக்கானிக் கோளாறு பார்க்கக் கருவி மாட்டும் இடம்) மாட்டும் குட்டி ப்ளூடூத் கருவி யாரிடமாவது இருந்தால் கடன் வாங்குங்கள். சார்ஜ் குறைவாக இருக்கும் நேரத்தில், வண்டி நின்று ஆறிய பிறகு, செல்களில் அதிக வோல்ட்டுக்கும் குறைந்த வோல்ட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். 10, 20 மில்லிவோல்ட் என்றால் விட்டுவிடுங்கள். ஒரே ஒரு செல் மட்டும் மற்றவற்றைவிட்டு 100 மில்லிவோல்ட் கீழே கிடந்தால் திரும்பி வந்துவிடுங்கள். பேட்டரி முழுவதும் அந்த ஒரு செல் இழுக்கிற தூரம்தான் வரும்.

வழிப்போக்கன்:

இன்று போட்டோம். 20 சதவீதத்திலிருந்து 70 கிலோவாட், 50ஐத் தாண்டும் வரை நிலையாக நின்றது, பிறகுதான் இறங்கியது. செல் வித்தியாசம் 12 மில்லிவோல்ட். அடிப்பக்கம் சுத்தம், சேஸி எண்ணில் ரீகால் பாக்கி எதுவும் இல்லை. பின் பிரேக் டிஸ்க்கில் மட்டும் துரு படர்ந்திருக்கிறது.

பழையஇரும்பு:

டிஸ்க் துரு இந்த வண்டிகளுக்குச் சகஜம். வேகத்தைக் குறைக்கும் வேலையை மோட்டாரே பார்த்துக்கொண்டு மின்சாரத்தைத் திருப்பி அனுப்பிவிடுகிறது, பிரேக் பேடுக்கு வேலையே இல்லை. காலியான சாலையில் நாலைந்து முறை அழுத்திப் பிரேக் பிடித்துவிட்டுப் பாருங்கள். பளிச்சென்று ஆகிவிட்டால் மேல் துரு. குழிகள் தெரிந்தால் டிஸ்க் மாற்ற வேண்டும், அதை விலையில் கழியுங்கள்.

நல்ல வண்டி தம்பி இது.

நிதானம்:

நல்ல வண்டிதான், ஆனால் இவருக்கா?

350 கி.மீ. பயணத்துக்குப் பெரிய பேட்டரி வேண்டும் என்று நினைக்கிறார் இல்லையா? நெடுஞ்சாலையில் 100 கி.மீ.க்கு 18 யூனிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். பழையதில் இப்போது 56. 100இலிருந்து 10 வரை ஓட்டினால் 280 கி.மீ., பிறகு 70 கி.மீ.க்கு ஒரு சின்ன நிறுத்தம். புதிதில் 42. முதல் ஓட்டம் 210 கி.மீ., பிறகு 140க்கு ஒரு நிறுத்தம். ரெண்டிலும் நிறுத்தம் ஒன்றுதான்! ஒன்றில் டீ குடிக்கிற நேரம், மற்றதில் சாப்பிடுகிற நேரம். கடுங்குளிரில் ரெண்டும் குறையும். எல்எஃப்பிக்குச் சார்ஜ் ஏறுவதும் மந்தமாகும். அதை மட்டும் மறைக்க மாட்டேன்.

தினசரி 70க்கு 42 யூனிட் தாராளம். எல்எஃப்பியைத் தயங்காமல் 100 வரை ஏற்றலாம். வாரம் ஒருமுறையாவது அப்படி ஏற்றச் சொல்வார்கள், இல்லாவிட்டால் சதவீதக் கணக்கில் வண்டிக்கே குழப்பம் வரும். பழையதை நீங்கள் தினம் 80இல் நிறுத்துவது நல்லது.

வழிப்போக்கன்:

நிறுத்தம் ஒன்றுதான் என்பதை நான் யோசிக்கவே இல்லை. ரெண்டு மடங்கு நின்று நின்று போக வேண்டியிருக்கும் என்றே இருந்தேன்.

புதுசை ஒருமுறை நெடுஞ்சாலையில் ஓட்டிப் பார்த்துவிட்டு முன்பதிவு செய்யப் போகிறேன். பின்சீட்டில் அப்பாவுக்குக் கால் நீட்ட இடம் போதுமா என்பது ஒன்றுதான் பாக்கி. விற்பவரிடம் 87.5 கணக்கைச் சொன்னேன், கொஞ்சம் இறங்கி வந்தார். இருந்தாலும் வாரண்டி கிலோமீட்டர் எனக்குக் காணாது.

பழையஇரும்பு:

அப்படியென்றால் அந்த விற்பவரின் நம்பரைத் தனிச்செய்தியில் அனுப்புங்கள். என் மகளுக்கு ஒரு வண்டி பார்த்துக்கொண்டிருக்கிறேன், அவள் ஓட்டம் தினம் 25ஐத் தாண்டாது.

வழிப்போக்கன்:

அனுப்பிவிட்டேன் அண்ணே. 12 வோல்ட் பேட்டரி இன்னும் பழசுதான், பேரத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். அவருடைய மொபைல் செயலிக் கணக்கிலிருந்து வண்டியை நீக்கவும் சொல்லிவிடுங்கள். அது அப்படியே இருந்தால் வண்டி எங்கே நிற்கிறது என்று அவர் பார்த்துக்கொண்டே இருப்பார், கதவைக்கூடத் திறக்கலாம்.