ஆண்டறிக்கையில் நட்டத்தைப் பூசிமெழுகும் நடை: தமிழில் என்ன சொல்?

கும்பகோணம், வணிகவியல் ஆசிரியை:
நண்பர்களே, திங்கட்கிழமை தமிழ்வழி மாணவர்களுக்கு ஆண்டறிக்கை வாசிப்பு நடத்த வேண்டும். ஒரு சொல் கிடைக்காமல் நிற்கிறேன். பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி அமைப்பின் விதிப்படி, சந்தையில் பட்டியலிட்ட நிறுவனங்கள் ஆண்டறிக்கையில் நிர்வாகத்தின் அலசலையும் தர வேண்டும். விற்பனை குறைந்திருக்கும், எழுத்திலோ "சவாலான சூழலில் வளர்ச்சி மிதமடைந்தது" என்று வரும். லாபம் என்றால் "ஈட்டினோம்", நட்டம் என்றால் "ஏற்பட்டது". லாபம் குறைந்த நிறுவனங்களின் அறிக்கைகள் படிக்கக் கடினமாக இருப்பதை அமெரிக்க அறிக்கைகளை வைத்து ஆய்வாளர் ஃபெங் லி 2008இல் காட்டினார். இந்த நடைக்கு என்ன பெயர்? 'தெளிவின்மை' போதாது, செய்தவர் யாரென்று அதில் தெரியவில்லை.

தஞ்சாவூர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
அம்மா, நூல் எழுதுவதில் நன்னூல் சொல்லும் பத்துக் குற்றத்தில் இருக்கிறதே, 'மயங்க வைத்தல்', பொருள் இதுவோ அதுவோ என்று குழம்பும்படி எழுதுவது! 'வைத்தல்' செய்தவரைக் காட்டிவிடும். இதை மங்கலம், அதாவது மங்கலமில்லாததை நல்ல சொல்லால் சொல்வது, என்று யாரும் சொல்லிவிட வேண்டாம். விளக்கை அணை என்பதற்குக் குளிர வை என்றால் சொல்பவருக்கும் கேட்பவருக்கும் பொருள் தெரியும். இங்கே கேட்பவருக்குத் தெரியக்கூடாது என்பதுதான் வேலையே.

மயிலாடுதுறை, தணிக்கையாளர்:
ஐயா, நன்னூல் சொல்வது எழுதுபவர் தவிர்க்க வேண்டிய குற்றம். இது தெரிந்தே செய்வது. எங்கள் தணிக்கைக் கருத்து கணக்குகளுக்குத்தான். அலசல் பகுதி கணக்கோடு முரண்படுகிறதா என்று படித்துப் பார்ப்போம், அவ்வளவே. "மிதமடைந்தது" அதில் சிக்காமல் நழுவிவிடும். கடைத்தெருவில் இதற்கு ஒரே சொல், மழுப்பல். 'மழுப்பல்நடை' என்று வையுங்கள்.

தஞ்சாவூர்:
மழுங்கு, மழுக்கு, மழுப்பு: கூர் போவதுதான் வேர்ப்பொருள் என்பது என் எண்ணம். மழுங்கிய கருக்கரிவாளோடு குறுவை அறுப்புக்கு யார் இறங்குவார்? மழித்தலும் இந்தக் குடும்பமாக இருக்கலாம். ஆனால் சிவன் கை மழு கூரானதாயிற்றே, அது இடிக்கிறது. அதைத் தனியாக எழுதுகிறேன்.

திருவாரூர், மொழிபெயர்ப்பாளர்:
மழுவைப் பிறகு பார்க்கலாம் ஐயா. வினையாக்கிப் பாருங்கள். 'நிர்வாகம் மழுப்பியது', பொருள் உடனே புரிகிறது. 'நிர்வாகம் மயங்க வைத்தது' என்றால் பாராட்டாகிவிடும்!

கும்பகோணம்:
சரி, நானும் மழுப்பல் பக்கம்தான். திங்கட்கிழமை அப்படியே நடத்துகிறேன்.

தஞ்சாவூர்:
வகுப்புக்குச் சரி, பாடநூலுக்கு ஆகாது. மழுப்பல் என்றதுமே நோக்கத்துக்குத் தீர்ப்பு எழுதியாகிவிட்டது. வெறுமனே எழுதத் தெரியாத நிர்வாகமும் உண்டல்லவா? மயங்க வைத்தல் செய்தவரைக் காட்டும், நோக்கத்தைத் தீர்மானிக்காது. என் மறுப்பு பதிவில் இருக்கட்டும்.