‘பேலன்ஸ்’ பயிற்சி: சமநிலையா, வேறு சொல் உண்டா? (வெள்ளிக்குள் வேண்டும்)

ஈசூனிலிருந்து

சிங்கப்பூர்த் தமிழ் மடற்குழு அன்பர்களுக்கு வணக்கம். பெருமூளை வாதம் (செரிப்ரல் பால்சி, மூளைப் பாதிப்பால் உடல் அசைவு சிரமமாவது) உள்ள பிள்ளைகளுக்கு வீட்டில் கொடுக்கவேண்டிய பயிற்சிகள் பற்றி நான்கு பக்கக் கையேடு ஒன்றைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ‘பேலன்ஸ்’ வரும் இடத்திலெல்லாம் ‘சமநிலை’ என்று போட்டிருந்தேன்.

போன சனிக்கிழமை ஒரு பாட்டியிடம் படித்துப் பார்க்கக் கொடுத்தேன். பேரனுக்கு ஐந்து வயது. குட்டை ஸ்டூலில் உட்காரவைத்து, பக்கத்தில் இருக்கும் பொம்மையை அவனே எட்டி எடுக்கவேண்டும், அதுதான் பயிற்சி. ‘சமநிலை தவறாமல்’ என்ற வரியைப் படித்ததும் பாட்டி பின்னால் போய் அவனுடைய இரண்டு தோளையும் அழுத்திப் பிடித்துக்கொண்டார். கை நீண்டது, உடம்பு நகரவில்லை. பொம்மை இரண்டு விரற்கடை தள்ளியே இருந்தது. “ஆடாம அசையாம உட்காரணும்னுதானேம்மா போட்டிருக்கு?” என்றார். அவர் படித்தது சரி. நான் எழுதியதுதான் அவரை அப்படிச் செய்யவைத்தது.

பிள்ளை சாயவேண்டும், சாய்ந்தபின் தானே நிமிரவேண்டும். இந்த இரண்டையும் சேர்த்துச் சொல்லும் சொல் எது?

அங் மோ கியோவிலிருந்து, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

நல்ல கேள்வி அம்மா. ‘சமன்’ வடசொல் என்று சிலர் ஒதுக்குவார்கள். ‘அமை, சமை, சமம்’ என்று தமிழிலேயே வேர் காட்டுவோரும் உண்டு. அந்தச் சண்டை ஒருபுறம் இருக்கட்டும். ‘சமன்செய்து சீர்தூக்குங் கோல்போல்’ என்று குறள் 118 ஆள்கிறதே, அது தராசுக் கோல். அதைச் சமனுக்குக் கொண்டுவர வெளியே ஒரு கை வேண்டும். உங்கள் பிள்ளைக்கு வேண்டியது தன்னைத் தானே சமன்செய்துகொள்ளும் திறன்.

என் பரிந்துரை ‘நிறுதிறன்’. ‘நிறுத்தல்’ என்றால் எடைபோடுவது, நிற்கச்செய்வதும் அதுதான். நிறு, நிறை, நிறுவு, நிறுவனம் எல்லாம் அந்தக் குடும்பம். நில், நிலை, நிலம் ஆகியவற்றோடும் இதற்கு உறவு உண்டு என்பது என் நெடுநாள் கருத்து. எடையும் நிற்றலும் ஒரே வேரில் கிடக்கின்றன பாருங்கள். உடம்பின் எடையை ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாற்றி நிற்பதுதானே இந்தப் பயிற்சி? நம் முன்னோர் இதை ஒரே சொல்லில் கண்டிருக்கிறார்கள். இன்னும் ‘நிறைகோல்’ (தராசு) வரை போகலாம், நாளை எழுதுகிறேன்.

ஜூரோங்கிலிருந்து, இயன்முறை சிகிச்சையாளர்

ஐயா, சொல் அழகாக இருக்கிறது. ஆனால் என்னிடம் வரும் பிள்ளைகளில் நிற்காதவர்களும் இருக்கிறார்கள். இந்தப் பிள்ளைகளின் அசைவுத் திறனைப் பிரித்துக் காட்ட 1997இல் வந்த பெருந்தசை இயக்க வகைப்பாட்டில் ஐந்து படிகள். முதல் படியில் இருப்பவர் ஓடுவார், குதிப்பார். ஐந்தாம் படியில் தலையை நிமிர்த்தி வைப்பதே பெரும்பாடு. அந்தப் பிள்ளைக்கும் ‘பேலன்ஸ்’ பயிற்சி உண்டு, அது தலைக்கும் முதுகுக்கும். ‘நிறு’ என்றால் அந்த அம்மா “என் பிள்ளைக்கு இல்லை” என்று பக்கத்தைப் புரட்டிவிடுவார்.

இன்னொன்று. எம்ஆர்டி ரயிலில் பிடிக்காமல் நிற்கும்போது வண்டி லேசாக ஆடினால், நமக்குப் பெரும்பாலும் முதலில் கணுக்காலைச் சுற்றிய தசை இறுகும், அப்புறம் தொடை, அப்புறம் இடுப்பும் முதுகும். பெருமூளை வாதம் உள்ள பல பிள்ளைகளுக்கு இந்த வரிசை மாறிவிடுகிறது. மேலே உள்ள தசை முந்திக்கொள்ளும். அல்லது முன்தசையும் பின்தசையும் ஒரே நேரத்தில் இறுகி, உடம்பு கட்டைபோல் ஆகிவிடும். அந்தக் கட்டைத்தன்மையைத்தான் பாட்டியின் கை இன்னும் கூட்டியது. சாய்ந்து சாய்ந்து பழகினால்தான் வரிசை சீர்படும். ஆகவே சொல்லில் அசைவு இருக்கவேண்டும். ‘சமாளிப்பு’ எப்படி?

தேக்காவிலிருந்து

‘சமாளி’ மராத்தியிலிருந்து வந்தது என்பார்கள். எனக்கு அது பெரிதல்ல. நோயின் பெயரைப் பற்றி யாருமே பேசவில்லையே! ‘வாதம்’ என்றதும் எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு இளம்பிள்ளை வாதம்தான் ஞாபகம் வரும். போலியோ ஒரு கிருமியால் வருவது. இதுவோ வளரும் மூளையில் நேர்ந்த பாதிப்பு; அது ஒட்டாது, அந்தப் பாதிப்பு நாளுக்கு நாள் பெருகுவதும் இல்லை. “அம்மை போட்டதா, சொட்டு மருந்து விட்டுப்போச்சா?” என்று அந்தத் தாயைக் குடையும் கேள்விகளை நான் காதால் கேட்டிருக்கிறேன். 1957இல் இங்கே இந்தப் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய சங்கம் ‘ஸ்பாஸ்டிக்’ (தசை இறுகிய) என்ற சொல்லைப் பெயரில் வைத்திருந்தது, பிறகு மாற்றிக்கொண்டது. நாம் மட்டும் ‘வாதத்தை’ ஏன் விடாமல் பிடித்திருக்கிறோம்?

ஈசூனிலிருந்து

அக்கா, நியாயமான கேள்வி. ஆனால் பள்ளியிலும் மருத்துவமனையிலும் அந்தப் பெயர்தான் தெரியும், நான்கு நாளில் மாற்ற முடியாது. தனி இழையாகத் தொடங்குங்கள், நானும் வருகிறேன்.

பாசிர் ரிஸ்ஸிலிருந்து

சொல்லை வெளியே தேடவேண்டாம். பிள்ளைத்தமிழில் செங்கீரைப் பருவம் இருக்கிறதே! ஐந்து மாதக் குழந்தை ஒரு காலை மடக்கி, மறுகாலை நீட்டி, இரு கையையும் தரையில் ஊன்றித் தலையை நிமிர்த்தி ஆடும். ஜூரோங் தங்கை சொன்ன தலையும் முதுகும் அப்படியே அதில் இருக்கின்றன. பிறகு சப்பாணி, உட்கார்ந்து கை தட்டுவது. அப்புறம் வருகை, அதாவது தளர்நடை போட்டு வருவது. குழந்தை உடம்பு எந்த வரிசையில் தன்னைத் தாங்கக் கற்கிறது என்பதைப் புலவர்கள் உற்றுப் பார்த்துப் பத்துப் பருவத்தில் பதிந்துவைத்திருக்கிறார்கள்.

எல்லாப் பாட்டிகளுக்கும் தெரிந்தது இன்னொன்று: சாய்ந்தாடம்மா. உட்காரவைத்து இப்படியும் அப்படியும் சாயவைப்போமே, அதுதான் இந்தப் பயிற்சி. ‘சாய்ந்தாட்டம்’ என்று வையுங்கள், ஒருவரும் தோளைப் பிடிக்கமாட்டார்கள்.

அங் மோ கியோவிலிருந்து

தாலாட்டு வேறு, கலைச்சொல் வேறு. கலைச்சொல் என்றால் கிளைக்கவேண்டும். ‘நிறுதிறன் அளவுகோல்’, ‘நிறுதிறன் குறைபாடு’ என்று நீட்டலாம். 14 செயல்களுக்கு 56 மதிப்பெண் வரை தரும் குழந்தைகளுக்கான ‘பேலன்ஸ்’ அளவுகோல் ஒன்று இருக்கிறதாமே, அதற்குச் ‘சாய்ந்தாட்ட அளவுகோல்’ என்று பெயர் வைப்பீர்களா? லிஃப்டுக்கு மின்தூக்கி என்று இங்கே வைத்தபோது யாருக்குப் புரிந்தது? இன்று அடுக்குமாடி புளோக் கீழே சின்னப் பிள்ளைகூடச் சொல்கிறது. புரியவில்லை என்று விட்டுவிட்டால் எந்தச் சொல்லும் பிறக்காது.

ஜூரோங்கிலிருந்து

மின்தூக்கியின் பெயர் புரியாவிட்டாலும் அது மேலே போய்விடும் ஐயா. இந்தத் தாள் புரியாவிட்டால் பிள்ளைக்கு ஒரு வாரப் பயிற்சி போய்விடும்.

ஈசூனிலிருந்து

இன்று வியாழன், இரவு பதினொன்று. தலைப்பில் ‘சமநிலைப் பயிற்சி’ இருக்கட்டும். தெரப்பி அட்டையிலும் அதுதான் இருக்கிறது. உள்ளே எங்கும் ‘சாய்ந்து நிமிர்தல்’. சாய்ந்தாட்டத்தில் நிமிர்வது இல்லை என்பதால் அதை எடுக்கவில்லை. முதல் பயிற்சி இப்போது இப்படி இருக்கிறது: “பிள்ளை பொம்மை பக்கம் சாயட்டும். தானே நிமிரட்டும். விழாதபடி உங்கள் கை அருகில் இருக்கட்டும், தோளை அழுத்தவேண்டாம்.”

மாலையில் அதே பாட்டியிடம் கொண்டுபோனேன். படித்துவிட்டுக் கையைப் பையனின் இடுப்புக்கு அருகே, தொடாமல் வைத்துக்கொண்டார். அவன் சாய்ந்தான், ஒரு முறை தடுமாறினான். பாட்டியின் விரல்கள் பதறின, ஆனால் தொடவில்லை. மூன்றாவது முறை பொம்மை கைக்கு வந்தது.

நால்வர் சரி என்று தனிமடல் அனுப்பியிருக்கிறார்கள். நாளைக் காலை ஒன்பதுக்கு அச்சகத்துக்கு அனுப்புகிறேன்.

அங் மோ கியோவிலிருந்து

கையேட்டுக்கு அது போதும் அம்மா, பாட்டிக்குப் புரிந்ததில் எனக்கும் மகிழ்ச்சி. ஆனால் ‘சாய்ந்து நிமிர்தல்’ ஒரு செயலின் பெயர். அந்தத் திறனுக்குப் பெயர் இன்னும் வைக்கவில்லை. நிறைகோல் பற்றிய மடல் பாதி எழுதியாகிவிட்டது, ஞாயிறன்று அனுப்புகிறேன்.