ஆடியில் வாளைக்கு வலை போடலாமா?

ஒட்டனூரான்: ஆடி மாதம் முழுக்கக் காவிரி ஆற்றில் மீசை மீன்களான கெளுத்தி, வாளை பிடிக்கத் தடை வேண்டும் என்று ஓசூர்க்காரர் நேற்று இங்கே எழுதியிருந்தார். ஆடியில் கர்நாடகத்துக் கபினி அணை திறந்து வெள்ளம் வந்தால் ஒகேனக்கல்லில் பரிசலே எடுக்க விடமாட்டார்கள். ஓடாத பரிசலுக்கு எதற்குத் தடை?

ஓசூர் தூண்டில்: நடு ஆற்றில் யார் வலை போடுகிறார்கள்? புதுவெள்ளம் கரையேறும்போது வாளையும் முட்டையிட மேட்டுத் தண்ணீருக்கு ஏறும். மேட்டூர் அணைத் தண்ணீர் தேங்கும் நாகமரைப் பக்கம், முழங்கால் ஆழத்தில் அப்போதுதான் வலை கட்டுகிறார்கள். மழைக்காலத்தில் முட்டையிடும் மீன் அது. சினையோடு பிடித்துவிட்டால் அடுத்த ஆடிக்கு எங்கே போவது?

ஒட்டனூரான்: ஆடிப்பெருக்குக்கு வந்து மீன் வறுவல் தின்றுவிட்டுப் போகிறவர் எங்களுக்கு ஆடியைச் சொல்லித் தருகிறார்! பரிசல் ஓடாதுங்க.

அணை மீன்கடை: கெளுத்தியைக் குறைக்கத்தானே வேண்டும்? 2000ஆம் ஆண்டிலேயே அரசு தடை போட்ட மீனாச்சே.

ஓசூர் தூண்டில்: அண்ணா, அது ஆப்பிரிக்கக் கெளுத்தி. வளர்க்கத்தான் தடை. நான் பேசுவது நம்ம ஆற்றுக் கெளுத்தியையும் வாளையையும். அதில் வாளை அழியும் ஆபத்துள்ள மீன்கள் பட்டியலில் இருக்கிறது.

அணை மீன்கடை: மீசை இருந்தால் எங்களுக்குக் கெளுத்திதான். கிருஷ்ணகிரி அணை மீனை 20 வருடமாக விற்கிறேன், எனக்கே பாடமா?

பென்னாகரம் டீச்சர்: ஆடியை விடுங்கள். மீதி 11 மாதம் கொசுவலை மாதிரிச் சின்னக் கண் வலையில் விரல் நீளக் குஞ்சுகளை அள்ளுகிறார்களே, அதை யார் கேட்பது? குஞ்சு பெரிதானால்தானே முட்டை போடும்?

ஒட்டனூரான்: அந்த வலை யாருடையது என்று ஊருக்கே தெரியும் டீச்சர். மீன்பிடி ஏலம் எடுத்தவரிடம் போய்க் கேளுங்கள். எங்கள் பரிசலில் பெரிய கண் வலைதான். கிழக்குக் கடலில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை, அதற்கு நிவாரணமும் உண்டு. ஆற்றுக்காரனுக்கு ஆடியில் யார் சோறு போடுவார்கள்?

ஓசூர் தூண்டில்: நிவாரணம் கேளுங்கள், நானும் சேர்ந்து கேட்கிறேன். ஆனால் ஆடியில் வலை வேண்டாம்.

ஒட்டனூரான்: திரும்பவும் ஆடி! ஒரு ஆடிக்காவது ஆற்றோரம் நின்றிருக்கிறீர்களா?

ஓசூர் தூண்டில்: போன ஆடிக்கு நின்றேன். வயிறு நிறையச் சினையோடு ஒரு வாளை தராசில் கிடந்தது. யார் தராசு என்று சொல்லட்டுமா?

ஒட்டனூரான்: தாராளமாகச் சொல்லுங்கள். பரிசல் ஓடவில்லை, அவ்வளவுதான்.